கிங் லியர்: யார் சோற்றை யார் தின்கிறார்கள் என்று பார்த்துப் படியுங்கள்

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகம் பற்றிக் கேள்வி வந்தால் என் மாணவர்களில் பாதிப் பேர் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ராஜா லியரின் கடைசி மகள் கார்டீலியா நல்லவள், அக்காக்கள் கானெரிலும் ரீகனும் கெட்டவர்கள், பிரபு கென்ட் விசுவாசி, குளோஸ்டர் பிரபுவின் முறைதவறிப் பிறந்த மகன் எட்மண்ட் துரோகி. தப்பில்லை. ஆனால் இதை எழுத நாடகத்தைப் படிக்கவே வேண்டாம், கைடு போதும். ஷேக்ஸ்பியர் இவர்களை எப்படிச் செய்திருக்கிறார் என்று பார்க்க வேண்டுமானால் வேறு மாதிரி படிக்க வேண்டும்.

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பத்திக்கு ஒரு கேள்வி: இவன் யார் சோற்றைத் தின்கிறான்? அந்த எஜமான் தப்பான காரியத்தில் இறங்கியபோது என்ன செய்தான்? அதற்கு என்ன விலை கொடுத்தான்? 'நல்லவன்', 'கொடியவள்' என்று எங்கேயும் எழுதாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

லியரிலிருந்து தொடங்க வேண்டாம். கென்டையும் ஆஸ்வால்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருவரும் அடுத்தவருக்கு ஊழியம் செய்பவர்கள். முதல் காட்சியிலேயே கார்டீலியாவை ஒதுக்கித் தள்ளும் ராஜாவைக் கென்ட் முகத்துக்கு நேராகத் தடுக்கிறான். நாட்டை விட்டுத் துரத்தப்படுகிறான். துரத்தியவனிடமே வேஷம் மாற்றிக்கொண்டு வந்து வேலைக்குச் சேர்கிறான், கடைசியில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறான். ஆஸ்வால்ட் கானெரிலின் ஆள். 'நான் யார்?' என்று லியர் கேட்டால், 'எங்கள் எஜமானியின் அப்பா' என்கிறான். எஜமானி சொல்லிக் கொடுத்த அவமரியாதை அது. நாலாம் அங்கத்தில் குளோஸ்டரின் மூத்த மகன் எட்கர் கையால் அடிபட்டுச் சாகும்போதுகூட, தன்னிடம் இருக்கும் கடிதத்தை எட்மண்டிடம் சேர்த்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். எஜமானைக் கைவிடாததுதான் விசுவாசம் என்றால் ஆஸ்வால்டுக்கும் முழு மார்க் போட வேண்டியிருக்கும். இந்தச் சங்கடம் உங்களுக்கு வந்துவிட்டால் சரியாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். கென்டால் 'முடியாது' என்று சொல்ல முடிந்தது. ஆஸ்வால்ட் வாயில் அந்த வார்த்தை வரவே இல்லை.

அப்புறம் நேராக மூன்றாம் அங்கம் ஏழாம் காட்சிக்குப் போங்கள். அவசரப்படாமல், முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். குளோஸ்டரை அவர் வீட்டிலேயே, அவர் நாற்காலியிலேயே கட்டிப்போடுகிறார்கள். கட்டச் சொல்கிற ரீகனும் அவள் புருஷன் கார்ன்வாலும் அங்கே விருந்தாளிகள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பதை இதைவிடப் பச்சையாக மேடையில் காட்ட முடியாது. ஆனால் அந்த அறையில் 'துரோகி' என்று திட்டு வாங்குவது யார்? குளோஸ்டர்தான். ராஜாவைக் காப்பாற்றி டோவருக்கு அனுப்பியது அவர் குற்றம். இந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, நாடகம் முழுக்க வசவு யார் மேல் விழுகிறது என்று தேடிப் பாருங்கள். முதல் காட்சியில் லியர் கென்டை விசுவாசம் கெட்டவன் என்கிறார். எட்மண்டின் பொய்யை நம்பி, எட்கரைப் பெற்ற அப்பனே கயவன் என்கிறார்.

ஒரு கண்ணைப் பிடுங்கியதும் கார்ன்வாலின் வேலைக்காரன் ஒருவன் குறுக்கே வருகிறான். பெயர்கூடக் கிடையாது அவனுக்கு. சின்ன வயதிலிருந்து உங்களுக்கு ஊழியம் செய்கிறேன், ஆனால் இப்போது உங்களை நிறுத்தச் சொல்வதைவிடப் பெரிய ஊழியம் எதையும் செய்ததில்லை என்கிறான். கத்திச் சண்டை நடக்கிறது, கார்ன்வாலுக்குக் காயம் படுகிறது, ரீகன் பின்னாலிருந்து வேலைக்காரனைக் குத்திக் கொல்கிறாள். அந்தக் காயத்தாலேயே கார்ன்வால் சாகிறான். சில வரிகளே பேசும் ஒருவன், சோறு போட்டவனுக்கு எதிராகக் கத்தி எடுத்து, செஞ்சோற்றுக் கடனைத் தீர்க்கிறான். அவன் பிணத்தைக் குப்பைமேட்டில் எறியச் சொல்கிறார்கள். மூன்றாவது பத்தியில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிப்பையும் இங்கே சரிபாருங்கள். 1608இல் வந்த குவார்ட்டோ பதிப்பில் இந்தக் காட்சியின் முடிவில் மிச்சமிருக்கும் இரண்டு வேலைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஒருவன் குளோஸ்டரின் முகத்துக்குச் சணல் நாரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்துவரப் போகிறான். 1623இல் வந்த ஃபோலியோ என்ற தொகுப்புப் பதிப்பில் அது இல்லை. இருக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், எனக்கு அந்த முட்டை வெள்ளைக்கரு முக்கியம்.

கண் போன பிறகு குளோஸ்டருக்குக் கண் திறந்தது என்று எல்லாக் கைடிலும் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். காட்டிக்கொடுத்தது எட்மண்ட்தான் என்று ரீகன் சொன்னதும் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். எட்மண்டைச் சபிக்கவில்லை. எட்கருக்கு அநியாயம் செய்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்கிறார். துரோகம் அவரை அந்தக் கணத்தில் அப்பாவாக்குகிறது.

மகள்களுக்கு வருவோம். இரண்டாம் அங்கம் நாலாம் காட்சியைச் சந்தை பேரம் போலப் படியுங்கள். லியர் மகள்கள் வீட்டில் தங்கும்போது கூட வைத்துக்கொள்ளும் ஆட்கள் 100 பேர். கானெரில் 50 என்கிறாள், ரீகன் 25 என்கிறாள், பிறகு 25 எதற்கு, 10 எதற்கு, 5 எதற்கு என்கிறாள் கானெரில், கடைசியில் ஒருவன்கூட எதற்கு என்கிறாள் ரீகன். நடுவில் லியர் கானெரிலைப் பார்த்துச் சொல்வதை விட்டுவிடாதீர்கள்: 50 என்பது 25இன் இரண்டு மடங்கு, அப்படியானால் உன் அன்பும் அவளுடையதைவிட இரண்டு மடங்கு. அன்பை எண்ணிப் பார்க்கிற இந்தக் கணக்கை, யார் என்னை அதிகம் நேசிக்கிறீர்கள் என்று மகள்களைக் கேட்டு ராஜ்யத்தைப் பங்கிட்ட முதல் காட்சியில் ஆரம்பித்து வைத்தவர் அவரேதான். பெண்கள் அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்ட கணக்கை அவரிடமே போடுகிறார்கள். அவர்களை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை, ஆனால் இது இல்லாமல் எழுதினால் அரைகுறை.

எட்மண்டைக் கடைசியாக நிரப்புங்கள். நாடகத்தின் முதல் 30 வரிகளுக்குள், அவன் பக்கத்தில் நிற்கும்போதே, அவன் பிறந்த கதையைக் குளோஸ்டர் கென்டிடம் சிரித்துக்கொண்டு சொல்கிறார். கடைசிக் காட்சியில் கானெரில், ரீகன் பிணங்களைக் கொண்டுவந்து போடுகிறார்கள். 'ஆனாலும் எட்மண்டை நேசித்தார்கள்' என்கிறான். கார்டீலியாவைக் கொல்லத் தான் போட்ட உத்தரவை நிறுத்த ஆள் அனுப்பவும் பார்க்கிறான், அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

கானெரிலின் புருஷன் ஆல்பனிக்கு இரண்டு வரி போதும். கோமாளிக்கு முதல் இரண்டு பத்திகளை நிரப்பலாம். ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுத்ததற்காக லியரைக் கேலி செய்துகொண்டே புயலிலும் கூடப் போகிறான். மூன்றாம் அங்கம் ஆறாம் காட்சிக்குப் பிறகு அவன் மேடைக்கு வருவதில்லை, ஏன் என்று நாடகம் சொல்லவும் இல்லை. அவனுடைய மூன்றாவது பத்தியைக் காலியாகவே விடுங்கள். கைடில் காரணம் போட்டிருந்தால் நம்பி எழுதிவிடாதீர்கள்.