வயதுக் கணக்கா? முதலில் கட்டம் போடுங்கள்

"அப்பாவின் வயது மகன் வயதைப் போல 4 மடங்கு. 6 ஆண்டு கழித்து 3 மடங்குதான். இன்று யாருக்கு என்ன வயது?"

இந்த மாதிரிக் கணக்கில் பிள்ளைகள் திணறுவது சமன்பாட்டைத் தீர்ப்பதில் இல்லை, எழுதுவதில்தான். முதலில் 'ம = மகனின் இன்றைய வயது' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். இங்கே சின்ன வயதை எடுத்தால் பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்புறம் இரண்டு கட்டம். இன்று: ம, 4ம. 6 ஆண்டு கழித்து: ம + 6, 4ம + 6. வயது இருவருக்குமே கூடும்!

சரி, இப்போது 4ம + 6 = 3(ம + 6). அடைப்புக்குறியை விட்டுவிட்டு 3ம + 6 என்று எழுதினால் மகனின் வயது 0 என்று வந்து நிற்கும். சரியாகப் பெருக்கினால் 4ம + 6 = 3ம + 18, ம = 12. அப்பாவுக்கு 48. கேள்வியில் வைத்துப் பாருங்கள்: 6 ஆண்டு கழித்து 18, 54.