ஸயான் பூங்காவின் இலவச பஸ்: போய் வந்தவர்கள் சொல்வதைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஸயான் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்த இரண்டு பேரிடம், அங்கே ஓடும் இலவச பஸ்ஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒருவர், "ஏறினோம், உட்கார்ந்தோம், ஜன்னல் வழியாகவே பாதி மலையைப் பார்த்துவிட்டோம்" என்பார். இன்னொருவர், "வெயிலில் வரிசையில் நின்று கால் வலித்ததுதான் மிச்சம்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் காலை ஏழரைக்கு வரிசைக்கு வந்தவர், இரண்டாமவர் பதினொன்றரைக்கு வந்தவர். பஸ் ஒன்றுதான்.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் பக்கம் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி வருகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து படித்து முன்னேறிய பிள்ளைகள் சிலர் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். பெற்றோர் போய்ச் சில வாரம் தங்கிவிட்டு வருகிறார்கள். லாஸ் வேகாஸ் வரை போனவர்களை, அங்கிருந்து இரண்டரை மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் ஸயானுக்கும் பிள்ளைகள் கூட்டிப் போகிறார்கள். திரும்பி வந்து ஒட்டுக்கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டே சொல்லும் கதையைக் கேட்டுத்தான் அடுத்த குடும்பம் திட்டம் போடுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்த வருடம், எந்த மாதம், எத்தனை மணி என்பது அதில் இருக்காது. அதைக் கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கிறது.

வருடம் ஏன் முக்கியம் என்றால், இந்த பஸ்ஸின் விதிகள் மாறியிருக்கின்றன. 2020, 2021 ஆண்டுகளில் கோவிட் காரணமாகப் பல மாதங்கள் முன்பதிவுச் சீட்டு இல்லாமல் ஏற முடியவில்லை. அந்தச் சமயத்தில் போனவர்கள், "டிக்கெட் கிடைக்கவே கிடைக்காது, முன்கூட்டியே கணினி முன்னால் உட்காரணும்" என்று இன்றும் சொல்வார்கள். அது அப்போது உண்மை. இப்போது பஸ்ஸுக்கு முன்பதிவும் இல்லை, சீட்டும் இல்லை. வரிசையில் நின்று ஏற வேண்டியதுதான். அதே போல, பஸ் சத்தம் போடுகிறது என்று குறை சொல்பவர் பழைய புரோப்பேன் எரிவாயு பஸ்ஸில் ஏறியவராக இருக்கலாம். 2024-ல் எல்லா பஸ்களையும் பேட்டரியில் ஓடுபவையாக மாற்றிவிட்டார்கள்.

"முன்பதிவு வேண்டாம்" என்றதும் இன்னொரு குழப்பம் வருகிறது. பஸ்ஸுக்குத்தான் வேண்டாம். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்தான உச்சிக்கு ஏற 2022 ஏப்ரல் முதல் தனி அனுமதி வேண்டும். அதைக் குலுக்கலில் கொடுக்கிறார்கள். அனுமதி இல்லாமல் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சிலர் அந்தக் கோபத்தையும் பஸ் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

இலவசம் என்றால் எது இலவசம்?

இந்த இடத்தில்தான் நம் மக்களின் பணம் போகிறது. பஸ் இலவசம், பூங்கா இலவசம் இல்லை. ஒரு காருக்கு 35 டாலர், நடந்து உள்ளே போகிறவருக்குத் தலைக்கு 20 டாலர் என்று நுழைவுக் கட்டணம் உண்டு. கட்டினால் ஏழு நாள் செல்லும். 2025 வரை போனவர்கள் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள். 2026 ஜனவரி முதல் அதற்கு மேல் இன்னொன்று சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் வசிக்காதவர்கள், 16 வயதும் அதற்கு மேலும் என்றால், கூட்டம் அதிகமுள்ள 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஸயான் அந்த 11-ல் ஒன்று. கிராண்ட் கேன்யன், பிரைஸ் கேன்யன், யோசமிட்டி எல்லாம் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

அப்பா, அம்மா, மாமா, அத்தை என்று நான்கு பெரியவர்கள் மலேசியாவிலிருந்து போனால் 400 டாலர். ஒரு பூங்காவுக்கு மட்டும்! வெளிநாட்டவருக்கான ஆண்டுப் பாஸ் 250 டாலர். அதை வைத்திருப்பவர் இந்த 100 டாலரைக் கட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று பூங்கா பார்க்கப் போகிறவர்கள் இதைக் கணக்குப் போடாமல் வாசலில் போய் நிற்கக் கூடாது. ஒரு பாஸ் எத்தனை பேருக்குச் செல்லும், மகன் அங்கே வசிப்பவர் என்றால் அவருடைய பாஸ் யாருக்குப் பொருந்தும் என்பதை, புறப்படும் முன்பே பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். "போன வருசம் எங்க சித்தப்பா சும்மாதான் போனார்" என்ற பேச்சு அங்கே செல்லாது.

அப்புறம், பூங்காவுக்குள் நிறுத்த இடம் கிடைக்காமல் பக்கத்து ஊரான ஸ்பிரிங்டேலில் காரை விட்டால் அதற்கும் கட்டணம் உண்டு. அந்த ஊருக்குள் ஓடும் பஸ் மட்டும் இலவசம்.

கார் இருக்கிறதே, பஸ் எதற்கு?

வாடகைக்குக் கார் எடுத்த பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். ஸயானில் எல்லோரும் பார்க்க ஆசைப்படும் பள்ளத்தாக்குச் சாலையில், பஸ் ஓடும் காலம் முழுக்கத் தனியார் காருக்கு அனுமதி இல்லை. உள்ளே இருக்கும் தங்கும் விடுதியில் அறை எடுத்தவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. ஆக அங்கே பஸ்ஸை வேண்டாம் என்று சொன்னால், மிச்சம் இருப்பது நடையும் சைக்கிளும்தான்.

இதைச் சர்வாதிகாரம் போல் பேசுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1997-ல் வருடத்துக்கு 24 லட்சம் பேர் வந்தபோதே அந்த ஒற்றைச் சாலை கார்களால் அடைத்துப்போயிருந்தது. நிறுத்த இடமில்லாமல் ஓரத்துச் செடிகொடிகள் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். 2000-ல் பஸ் வந்தது. 2021-ல் 50 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆள் இரண்டு மடங்கு, சாலை அதே சாலை. கார்களைத் திரும்ப உள்ளே விட்டால் வயதானவர்கள் காருக்குள் உட்கார்ந்து முன்னால் நிற்கும் வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்க்க முடியும். இந்த பஸ் இல்லாவிட்டால் நம் அம்மா அப்பா போன்றவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் கடைசிவரை போயிருக்கவே முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, காரில்தான் போவேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பூங்காவின் கிழக்குப் பக்கம் போகும் சுரங்கப் பாதைச் சாலையிலும், வடமேற்கில் இருக்கும் கோலாப் பகுதியிலும் இந்த பஸ் ஓடுவதில்லை. அங்கே சொந்தக் காரில்தான் போக வேண்டும். "பஸ் பூங்கா முழுக்கச் சுற்றிக் காட்டும்" என்று நம்பிப் போவதும் அதனால் தவறுதான். பக்கத்தில் உள்ள பிரைஸ் கேன்யனில் காரிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம். ஒரு பூங்காவின் விதியை இன்னொன்றில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

காணாமல் போகும் ஒரு மணி நேரம்

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர் கோடைக்காலத்தில் மனைவியோடு போனார். லாஸ் வேகாஸில் நிதானமாகப் பசியாறிவிட்டு, ஏழரைக்குக் கிளம்பி, "பத்து மணிக்கெல்லாம் போய்விடலாம்" என்று கணக்குப் போட்டார்கள். அங்கிருந்து அவர் அனுப்பிய குரல் பதிவை நானும் கேட்டேன். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம், யாரோ ஆங்கிலத்தில் வரிசையைச் சரிசெய்யச் சொல்கிற சத்தம். நடுவில் இவர் குரல்: "தம்பி, கைப்பேசியில மணி பதினொன்னு காட்டுது, என் கடிகாரத்துல பத்துதான். எது சரின்னு தெரியல. கார் நிறுத்த இடமே இல்லப்பா."

இரண்டும் சரிதான். லாஸ் வேகாஸ் நெவாடா மாநிலத்தில் இருக்கிறது. யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகிறது. ஏழரைக்குக் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஓட்டினால் அங்கே பதினொன்று. பூங்காவின் வாகன நிறுத்துமிடமோ கூட்டமான நாட்களில் காலை எட்டு, ஒன்பது மணிக்கே நிரம்பிவிடும். அவர் வந்து எல்லோரிடமும் சொன்னது, "பஸ் ஏற்பாடு சரியில்லை". அவருடைய வேதனையைக் குறைத்துப் பேசவில்லை. முட்டிவலிக்காரர் அந்த வெயிலில் நின்றது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கருத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஸயான் பயணத்தையே கைவிட்ட ஒரு குடும்பத்தையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு யோசனை: முந்திய இரவே ஸ்பிரிங்டேலிலோ பக்கத்து ஊரிலோ தங்கிவிடுங்கள். முடியாவிட்டால் லாஸ் வேகாஸை விடிவதற்கு முன்பே விட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங்டேலில் தங்குகிறவர்கள் இரண்டு பஸ் தடங்களையும் ஒன்றென்று நினைத்துவிட வேண்டாம். ஊர் பஸ் ஒன்று, பள்ளத்தாக்கு பஸ் இன்னொன்று. இரண்டிலும் ஒன்பது நிறுத்தங்கள், இரண்டும் இலவசம். ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கி, சிறிய நடைபாலம் தாண்டி, நுழைவாயிலில் பாஸைக் காட்டிவிட்டு, அடுத்த வரிசையில் நிற்க வேண்டும். பாஸைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தால் திரும்ப ஓட வேண்டியதுதான்.

பஸ்ஸுக்குள்

ஓட வேண்டாம் என்று முதலில் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் தொழிற்சாலை பஸ் சந்திப்புக்கு வரும் நேரம் ஒன்றுதான். விட்டால் அன்றைய வேலை போச்சு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் எந்த பஸ்ஸைக் கண்டாலும் ஓடுவார்கள். ஸயானில் கூட்ட நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு பஸ் வரும். ஒன்று போனால் அடுத்தது வரும்.

உள்ளே சாப்பிடக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். நாசி லெமாக் பொட்டலமோ புளிச்சாதமோ பைக்குள் மூடியபடி இருக்கட்டும், இறங்கி மர நிழலில் பிரித்துக்கொள்ளலாம். பள்ளத்தாக்குக்குள் உணவு விற்பது ஐந்தாவது நிறுத்தமான விடுதியில் மட்டும்தான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் கையில் ஏதாவது வைத்திருந்தே ஆக வேண்டும்.

முழுத் தூரம் போக ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். நடக்க முடியாதவர்களும் இறங்காமல் கடைசிவரை போய்த் திரும்பலாம். பலர் அதை ஒரு குறையாகச் சொன்னாலும், எண்பது வயதுப் பாட்டிக்கு அதுவே முழுப் பயணம். சக்கர நாற்காலியோடும் ஏறலாம். கொஞ்சம் நடப்பவர்கள் கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கினால், ஆற்றோரமாக ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் தளம் போட்ட பாதை இருக்கிறது. சமமாகத்தான் இருக்கும், பெரிய ஏற்றம் இல்லை.

திரும்பும் நேரத்தைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. பிற்பகலில் கடைசி நிறுத்தத்திலேயே பஸ் நிரம்பிவிட்டால், நடுவில் இருக்கும் நிறுத்தங்களில் காத்திருப்பவர்களுக்கு இடம் கிடைக்காது. முதியவர்களோடு போகிறவர்கள் மாலையில் நடு நிறுத்தங்களில் இறங்காமல், அவற்றைக் காலையிலேயே பார்த்துவிட்டால் நல்லது.

கடைசி பஸ் போகும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். அன்று காலையிலேயே நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் கடைசி நிறுத்தத்திலிருந்து வாசல்வரை சுமார் 13 கிலோமீட்டர், இருட்டில். கைப்பேசிக்குச் சிக்னலும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியப் பள்ளி விடுமுறைக்கு ஏற்ப டிசம்பரில் போகிறவர்களுக்குக் கோடையில் போனவர்களின் கருத்து எதுவுமே பொருந்தாது. பஸ் பொதுவாக மார்ச் முதல் நவம்பர் வரைதான் தினமும் ஓடும். குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் ஓடாது, அப்போது காரை உள்ளே விடுவார்கள். ஆண்டிறுதி விடுமுறை நாட்களில் மட்டும் பஸ்ஸை விடுவதும் உண்டு. போகும் வாரத்துக்கான அட்டவணையைப் பார்க்காமல் பயணத் தேதியை முடிவு செய்யாதீர்கள்.

திரும்பி வந்த பிறகு உங்களிடமும் நாலு பேர் கேட்பார்கள். "நல்லா இருந்தது", "மோசம்" என்று மட்டும் சொல்லாமல், எந்த மாதம், வரிசையில் நின்றபோது யூட்டா நேரம் எத்தனை மணி, எந்த நிறுத்தத்தில் ஏறினீர்கள், ஆளுக்கு எவ்வளவு கட்டினீர்கள், கூட வந்த பெரியவர்களுக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று சொல்லிவிடுங்கள். அடுத்து டிக்கெட் போட நினைக்கும் குடும்பம் குறித்துக்கொள்ளும்.