மாதிரி ரயில் மேசையில் பொதுச் சரக்குச் சைடிங் போடுவது

மாதிரி ரயில் செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது தொழிற்சாலைக் கட்டடம். நான் அதற்கு முன் ஒரு பொதுச் சைடிங் போடச் சொல்வேன். சொந்தத் தண்டவாளம் இல்லாத வியாபாரிகள் வந்து தங்கள் சாமானைத் தாங்களே ஏற்றி இறக்கும் பக்கப் பாதை அது. அமெரிக்காவில் 'டீம் ட்ராக்' என்பார்கள். டீம் என்பது அங்கே வண்டில் இழுத்த குதிரைகள். எங்களுக்கு மாட்டு வண்டில். அந்தக் காலத்தில் அப்பா யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் கோச்சி (ரயில்) ஸ்டேசனுக்கு வெங்காய மூட்டை கொண்டுபோன வண்டிலை நினைத்துத்தான் நான் இதைப் போட்டேன்.

சீமெந்துத் தொழிற்சாலை வைத்தால் சீமெந்து வாகன் (சரக்குப் பெட்டி) மட்டும்தான் வரும். இங்கே இன்று உரம், நாளை பலகை, மறுநாள் உழவு இயந்திரம். எந்த வாகனுக்கும் வேலை இருக்கும்.

எச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்கில், 40 அடிப் பெட்டி ஐந்தரை அங்குலம் வரும். பெட்டிகளை இணைக்கும் கொளுவியோடு ஆறு என்று வையுங்கள். மூன்று பெட்டிக்கு 18 அங்குலம். பாதை பிரியும் பொயின்றிலிருந்து அளக்காதீர்கள், பக்கத்துப் பாதையில் போகும் கோச்சி உரசாத இடத்திலிருந்து அளவுங்கள்.

தண்டவாளத்தைவிட முக்கியம் பக்கத்து வெறும் நிலம். முதல் தடவை நான் ஒன்றரை அங்குலம்தான் விட்டேன். லொறி குறுக்கே நிற்கவே இல்லை, முழுவதையும் கிளப்பினேன். இப்போது நான்கு அங்குலம், நிஜத்தில் 29 அடி. லொறி பின்னுக்கு வந்து பெட்டிக் கதவோடு ஒட்டி நிற்கிறது. பாதை முடியும் இடத்தில் ஒரு சாய்தளம் வையுங்கள், உழவு இயந்திரம் இறங்க.

நிலத்துக்கு எங்கள் செம்மண்ணே போதும். காயவைத்து, தேயிலை வடியால் அரித்து, அப்புறம் காந்தத்தை நாலைந்து தடவை அதற்குள் ஓட்டுங்கள். காந்தத்தில் கறுப்பாக ஒட்டும் இரும்புத் துகள் எஞ்சின் மோட்டருக்குள் போனால் மோட்டர் கெட்டுவிடும். சிலிப்பர் கட்டையின் மேல்மட்டம் வரை மண்ணை நிரப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, சிரிஞ்சால் விடுங்கள். பசை காயுமுன் ஒரு வாகனைத் தள்ளிப் பாருங்கள். சில்லு ஏறி இறங்கினால் உள்பக்க மண்ணைச் சுரண்டுங்கள்.

சைடிங் மட்டமாக இருக்க வேண்டும். இருந்தாலும் சில வாகன்கள் தானாக உருளும். பழைய பற்தூரிகையின் நாலு மயிரைத் தண்டவாளங்களுக்கு நடுவே நட்டு, அச்சில் மெல்லத் தொடும்படி வெட்டினேன். வாகன் விட்ட இடத்தில் நிற்கிறது, எஞ்சின் இழுத்தால் வருகிறது.

ஓட்டும்போது ஒரு விதி வையுங்கள். நிஜ ரயிலில் குறித்த நேரத்துக்குள் இறக்காவிட்டால் தாமதக் கட்டணம் உண்டு. என் மேசையில் அந்த நேரம் இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் கோச்சி வரும்போது, உள்ளே கடைசியில் நிற்கும் உர வாகனை எடுக்க, இன்னும் இறக்கி முடியாத பலகை வாகனை முதலில் வெளியே இழுத்து, திரும்பவும் அதன் லொறிக்கு நேரே கொண்டுபோய் விட வேண்டும்.