அந்த நம்பருக்குத் திருப்பித் திட்டாதீர்கள்

போன தாளடி அறுப்பு சமயம். மன்னார்குடி பக்கத்தில் இருக்கும் என் சித்தி மகளுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் எவனோ ஒருவன் விடாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தான், எடுத்தால் அசிங்கப் பேச்சு, கட் செய்தால் வாட்ஸ்அப்பில் படம். அவள் பயந்துபோய் வந்ததையெல்லாம் அழித்துவிட்டாள். அவள் அண்ணன் போனைப் பிடுங்கி வாய்க்கு வந்தபடி பதில் அனுப்பினான். மறுநாள் ஸ்டேஷனில் காட்ட மிச்சம் இருந்தது அண்ணன் எழுதிய கெட்ட வார்த்தைகள் மட்டும்தான்.

அதனால் முதலில், எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அதில் தேதியும் நேரமும் நம்பரும் தெரிய வேண்டும். கோபத்தில் அந்த நம்பரை 'பொறுக்கி' என்று சேமித்து வைத்திருந்தால் படத்தில் பொறுக்கி என்றுதான் வரும், நம்பர் வராது! வெறும் அழைப்புகள் என்றால் ஒரு நோட்டில் எத்தனை மணிக்கு வந்தது, என்ன பேசினான் என்று அன்றன்றைக்கே குறித்து வையுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு மெசேஜ். "எனக்கு விருப்பமில்லை, இனி தொடர்பு கொள்ளாதீர்கள்." அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு எழுத்துகூட வேண்டாம். இது மரியாதைக்காக இல்லை. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் ஒரு பெண்ணை விடாமல் தொடர்பு கொண்டால் அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம், நீங்கள் காட்டியதற்கு அந்த மெசேஜ்தான் சாட்சி. மிரட்டல் என்றால் 351-வது பிரிவு, மிரட்டப்பட்டது ஆணாக இருந்தாலும் அது பொருந்தும்.

இதெல்லாம் முடிந்தபின் பிளாக் செய்யுங்கள். போனில் பிளாக் செய்தால் வாட்ஸ்அப்பில் ஆகாது, இரண்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். புதுப்புது நம்பரில் வந்தால் வாட்ஸ்அப் பிரைவசி அமைப்பில் தெரியாத அழைப்புகளைச் சத்தமில்லாமல் ஆக்கும் வசதி இருக்கிறது.

சிம்மை மாற்றிவிடு என்று வீட்டில் சொல்வார்கள். ஆதார், பேங்க், கேஸ், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் ஏறிய மெசேஜ், எல்லாம் அந்த நம்பரில்தான். அவன் செய்த தப்புக்கு நீங்கள் ஏன் அலைய வேண்டும்?

புகாரை உள்ளூர் ஸ்டேஷனிலோ மகளிர் காவல் நிலையத்திலோ எழுத்தில் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியான சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள், வாங்காமல் கிளம்பாதீர்கள். மாவட்ட சைபர் கிரைம் பிரிவிலும் கொடுக்கலாம். போக முடியாதவர்கள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியலாம், பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படப் புகாரைப் பெயர் சொல்லாமலும் பதிய வழி உண்டு. 1930 பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய எண், பெண்களுக்கு உதவி 181. சிம் கம்பெனிக்காரர்களிடம் அவன் யார் என்று நீங்கள் கேட்டால் சொல்லமாட்டார்கள், போலீஸ் கேட்டால்தான் கிடைக்கும்.

குழு லோன், அதாவது மைக்ரோ பைனான்ஸ் கடன், அதன் வசூல் தொல்லை தனி ரகம். தவணை தவறியிருந்தாலும் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூல் ஆட்கள் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி, திட்டவோ மிரட்டவோ எந்த நேரத்திலும் கூடாது.

அவள் நம்பர் அவனுக்கு எப்படிப் போனது என்று கடைசிவரை தெரியவில்லை. ரீசார்ஜ் கடை நோட்டில் எழுதிவிட்டு வருவாளே, அதில்தான் எங்களுக்குச் சந்தேகம். இப்போது தன் போனிலேயே ரீசார்ஜ் செய்துகொள்கிறாள், கடைக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.