ஜாக்சன்–வானிக்: புதிதாக எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜாக்சன்–வானிக் என்பது அமெரிக்காவின் 1974 வர்த்தகச் சட்டத்தில் உள்ள ஒரு திருத்தம்; கம்யூனிஸ்ட் நாடுகளுடனான வர்த்தக உறவுக்கு நிபந்தனை போடுவது. முன்னாள் கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு அமெரிக்கா ‘இயல்பான வர்த்தக உறவு’ கொடுத்ததைப் பற்றி எழுதும்போது பெயரோ ஆண்டோ பிசகினால் திருத்திக்கொள்ளலாம். கீழே உள்ள தவறான எண்ணங்கள் அப்படியல்ல, கட்டுரையையே கவிழ்த்துவிடும்.

‘சலுகை’ என்பது

1998 வரை சட்டத்தில் இந்த உறவுக்கு இருந்த பெயர் ‘மிகவும் வேண்டப்பட்ட நாடு’. குழப்பம் அங்கேதான் ஆரம்பம். கொடுப்பதோ எல்லோரும் கட்டும் சாதாரண வரி. அமெரிக்கச் சுங்க அட்டவணையின் முதல் பத்தி இந்த உறவு உள்ள நாடுகளுக்கு, இரண்டாம் பத்தி இல்லாதவற்றுக்கு. பருத்தி டி-ஷர்ட்டுக்கு முதல் பத்தியில் 16.5%, இரண்டாம் பத்தியில் 90%. இரண்டாம் பத்தி 1930-ன் ஸ்மூட்–ஹாலி சட்டத்தின் மிச்சம்.

‘நிரந்தரம்’ என்பதை அப்படியே நம்புவது

ரஷ்யாவுக்குக் கொடுத்த நிரந்தர உறவை அமெரிக்கா ஏப்ரல் 2022-ல் நிறுத்திவிட்டது.

விலக்கு கிடைத்தாலே வரி இறங்கும் என்பது

1974 வர்த்தகச் சட்டத்தில் கதவு இரண்டு, இரண்டையும் தாண்ட வேண்டும். குடிமக்கள் நாட்டைவிட்டு வெளியேற உரிமை தரும் நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும், அல்லது அந்த நிபந்தனையிலிருந்து அமெரிக்க அதிபரின் விலக்கு வேண்டும்; அது ஒன்று. நாடாளுமன்றம் ஏற்ற இருதரப்பு ஒப்பந்தம் மற்றொன்று. வியட்நாமுக்கு விலக்கு வந்தது 1998-ல். ஒப்பந்தம் அமலானது 2001 டிசம்பர் 10. அதுவரை இரண்டாம் பத்தி வரிதான்.

உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தால் நிரந்தர உறவு தானாக வரும் என்பது

எரிச்சலூட்டுவது இதுதான், எத்தனை முறை திருத்தினாலும் திரும்ப வருகிறது. அமைப்பின் விதிப்படி ஓர் உறுப்பினர் இன்னொருவருக்குத் தரும் வரி நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். ஜாக்சன்–வானிக் திருத்தமோ நிபந்தனை போடுகிறது. அதனால் இந்தத் திருத்தத்துக்கு உட்பட்ட புதிய நாடு உள்ளே வரும்போதே, அமைப்பை நிறுவிய மராகேஷ் ஒப்பந்தத்தின் 13-ஆவது பிரிவைக் காட்டி ‘எங்களுக்குள் இந்த விதிகள் செல்லாது’ என்று அமெரிக்கா அறிவித்துவிடும். மால்டோவா 2001-ல் சேர்ந்தது. நிரந்தர உறவு வந்தது 2012-ல்.

ரஷ்யாவை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. 1992 முதல் 2022 வரை அதற்கு முதல் பத்தி வரிதான். ஆகவே நிரந்தர உறவு தந்த 2012 சட்டம் ஒரு சென்ட் வரியைக்கூடக் குறைக்கவில்லை. ரஷ்யா உறுப்பினரானது அந்த ஆண்டு ஆகஸ்ட் 22, சட்டம் கையெழுத்தானது டிசம்பர் 14. இடையில் ரஷ்யா விதியை மீறினாலும் அந்த அமைப்பில் வழக்குப் போட அமெரிக்காவுக்கு வழியில்லை. ‘ரஷ்யாவுக்குப் பரிசு’ என்று தலைப்பு வைப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை; நஷ்டம் அமெரிக்க ஏற்றுமதியாளருக்குத்தான்.

ஆகவே மூன்று தேதிகளைத் தனித்தனியாகப் போடுங்கள். சீனாவுக்கு: சட்டம் 2000 அக்டோபர் 10, உறுப்பினரானது 2001 டிசம்பர் 11, நிரந்தர உறவு அமலானது 2002 ஜனவரி 1.