இல்லத்தரசியாக வாழ்ந்த அம்மாவின் வாழ்க்கையை எழுதி வைக்கும் முறை

என் அம்மா இறந்த மறுநாள், அவரைப் பற்றிப் பத்து வரிகள் எழுதித் தரும்படி உறவினர் ஒருவர் கேட்டார். பிறந்த ஆண்டு, திருமணமான ஆண்டு, பிள்ளைகளின் எண்ணிக்கை, மறைந்த நாள் என்று நான்கு வரிகளை எழுதிய பிறகு என்னால் மேலே நகர முடியவில்லை. அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பணி நியமன ஆணை, இடமாற்ற உத்தரவு, ஓய்வு பெற்ற நாளில் வாசித்தளித்த பாராட்டு மடல் என்று ஒரு கோப்பே இருந்தது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு குடும்பத்தை நடத்திய அம்மாவுக்கு அப்படி ஒரு தாள்கூட இல்லை. ஆகவே அவர் வாழ்க்கையைத் தேடிச் சேர்க்கும் முறையும் வேறாகத்தான் இருக்க முடியும் என்பதை நான் மெதுவாகக் கற்றுக்கொண்டேன். அதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்காக, எனக்குப் பயன்பட்ட வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து, அம்மாவைப் பற்றி மனத்தில் தோன்றும் புகழ்ச்சொற்களை எல்லாம் எழுதிவிடுங்கள்: அன்பின் வடிவம், பொறுமையின் சிகரம், தியாகச் சுடர், குடும்ப விளக்கு. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, எதைக் கண்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்பதற்கு ஒரு செயலை எழுதுங்கள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரின் முதுகில் புண் வந்துவிடாமல் இருக்க, நள்ளிரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்தார் என்று எழுத முடிந்தால், பொறுமை என்ற சொல்லை அடித்துவிடலாம். படிப்பவர் அதைத் தாமே சொல்லிக்கொள்வார். எதிரே எழுத எந்தச் செயலும் நினைவுக்கு வராத சொல், எந்த அம்மாவின் படத்துக்குக் கீழும் பொருந்தக்கூடிய சொல். அதைக் கைவிட்டுவிடுங்கள்.

அடுத்து ஒரு நாளை எழுதுங்கள். என் அனுபவத்தில் இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான். கடைக்குட்டி மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டு என்பதுபோல் ஓர் ஆண்டைத் தேர்ந்துகொண்டு, அந்த ஆண்டின் சாதாரணமான ஒரு நாளில் அம்மா கண் விழித்த நேரம் முதல் விளக்கை அணைத்த நேரம் வரை, மணிக்கணக்காகப் பிரித்து எழுதுங்கள். வீட்டில் அப்போது எத்தனை பேர் இருந்தார்கள்? தண்ணீர் எங்கிருந்து வந்தது, எத்தனை குடம் வேண்டியிருந்தது? எந்த அடுப்பு? துணி துவைக்க எவ்வளவு நேரமானது, மழை நாளில் எங்கே உலர்த்தினார்? அன்றைய நாளில் அவர் முதன்முதலாக உட்கார்ந்தது எப்போது? எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவர் எந்த இடத்தில், எதைப் பார்த்தபடி சாப்பிட்டார்? இந்தக் கேள்விகளில் பாதிக்கு விடை தெரியாது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். அந்த வெற்றிடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மற்றவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் அவைதாம்.

இப்படி மணிக்கணக்கில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 1953ஆம் ஆண்டு வெளியிட்ட தேசியக் கணக்கு முறை தொடங்கி இன்றுவரை, ஒரு குடும்பம் ஊதியமின்றித் தனக்காகவே செய்துகொள்ளும் சமையலும் துப்புரவும் குழந்தை வளர்ப்பும் நாட்டு வருமானக் கணக்கில் சேர்வதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையோ, 64 நாடுகளின் நேரப் பயன்பாட்டு ஆய்வுகளை வைத்து, நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் ஊதியமற்ற பராமரிப்பு வேலையில் செல்கிறது என்றும், அதில் முக்கால் பங்குக்கும் மேல் பெண்களின் உழைப்பு என்றும் கணக்கிட்டது. உங்கள் அம்மாவின் மணி நேரங்களும் அப்படிப்பட்டவைதாம். அவற்றுக்கு வருகைப் பதிவேடு கிடையாது. நீங்கள் எழுதப்போகும் அந்த ஒரு நாள்தான் பதிவேடு.

ஒரு நாளோடு நிறுத்தாமல், புதிதாகக் குடும்பம் தொடங்கிய காலத்தில் ஒன்று, பிள்ளைகள் பள்ளிக்குப் போன காலத்தில் ஒன்று, அவர்கள் வீட்டைவிட்டுப் போன பிறகு ஒன்று என மூன்று நாள்களை எழுத முடிந்தால், ஆண்டுவாரியாக எழுதும் வரலாற்றைவிட அது அதிகம் சொல்லும். மூன்றாவது நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி சொல்லித்தான் தெரிந்தது: நாங்கள் விட்டுச்சென்ற பள்ளிப் பாடப் புத்தகங்களை அம்மா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இனி, தாள்களுக்கு வருவோம். அம்மாவின் பெயரில் ஆவணம் இல்லாவிட்டாலும், மற்றவர்களின் ஆவணங்களில் அவர் இருக்கிறார். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையில் உள்ள ஒவ்வொரு தேதியும், அவர் ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற நாள். மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையொப்பம், மருத்துவமனைக் கோப்பில் உடனிருந்தவர் பெயர், நாட்காட்டியின் ஓரத்தில் கிறுக்கிய கணக்கு, மளிகைப் பட்டியல், தையல் அளவுகள் எழுதிய துண்டுச் சீட்டு ஆகியவற்றைத் தேடி எடுத்துத் தேதி வரிசையில் அடுக்குங்கள். பழைய வீட்டுக் கணக்கு நோட்டு கிடைத்தால் அது பெரும்பேறு. எந்த மாதம் எதைக் குறைத்து எதற்குப் பணம் ஒதுக்கினார் என்பதை வரி வரியாகப் பாருங்கள். இல்லத்தரசி வேலை செய்தவர் மட்டுமல்லர், முடிவெடுத்தவரும்கூட என்பதை அந்த நோட்டு காட்டும். அவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களையும் விட்டுவிடாதீர்கள். அவர் எழுதிய பதில்கள் தொலைந்திருந்தாலும், வந்த கடிதத்தில் உள்ள கேள்விகளிலிருந்து அவரிடம் எதற்கெல்லாம் யோசனை கேட்டார்கள் என்பதை அறியலாம்.

மனிதர்களிடம் கேட்கும்போது பிள்ளைகளோடு நின்றுவிடக் கூடாது. பிள்ளைகள் அறிந்தது அம்மாவை மட்டுமே. உடன்பிறந்தவர்கள், பள்ளித் தோழிகள், அண்டை வீட்டார், மருமக்கள், வீட்டு வேலைக்கு வந்தவர்கள் ஆகியோர் அறிந்த பெண் சற்று வேறானவர். ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தியுங்கள். எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தால், முதலில் பேசியவரின் நினைவே மற்றவர்களின் நினைவாகவும் ஆகிவிடும். முதியவர்களுக்குத் தங்கள் பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான காலம் அதிகத் தெளிவோடு நினைவிருக்கும் என்பது நினைவாற்றல் ஆய்வுகள் பலவற்றில் உறுதியான செய்தி. ஆகவே அந்த வயதில் அம்மாவோடு இருந்தவர்களை முதலில் தேடிப் பிடியுங்கள். “அவர் ரொம்ப நல்லவர், இல்லையா?” என்று கேட்டால் “ஆமாம்” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். “நீங்கள் முதன்முதலில் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?” என்று கேளுங்கள். ஒரு பழைய புகைப்படத்தையோ அவர் புழங்கிய பொருளையோ அவர்கள் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். அவர்கள் மௌனமாகும் இடத்தில் அடுத்த கேள்வியை உடனே போட்டுவிடாதீர்கள்.

பேச்சைப் பதிவு செய்வதானால் அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, மேசைமேல் ஒரு மடித்த துணியில் வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்திலேயே தேதியையும் பேசுபவரின் பெயரையும் சொல்லிப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வருத்த வேண்டாம். அம்மா உயிரோடிருந்தால், இந்த வாரமே அவரிடமிருந்து தொடங்குங்கள். நாற்காலியில் உட்கார வைத்துப் பேட்டி எடுப்பதைவிட, அவரோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்துகொண்டே பேச்சுக் கொடுத்தால் அவர் தயக்கமின்றிப் பேசுவார்.

நூல் முழுவதையும் எழுத்துத் தமிழில் எழுதினாலும், அம்மா சொன்ன வாக்கியங்களை மட்டும் அவர் பேசியபடியே விடுங்கள். “சாப்ட்டியா, கண்ணு?” என்பதை “உணவு உண்டாயா, கண்ணே?” என்று திருத்திவிட்டால், எழுத்தில் மிஞ்சியிருந்த அவருடைய குரலும் போய்விடும். அதேபோல், சிறுமியாக இருந்த காலத்தை எழுதும்போது “அம்மா” என்று எழுதாமல் அவருடைய பெயரைச் சொல்லி எழுதுங்கள். பல ஆண்டுகள் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே அழைத்து வந்த ஒருவரின் பெயர், ஒரு பக்கத்தில் மூன்று நான்கு முறை வரும்போது அந்தப் பக்கமே மாறிவிடுவதை நீங்கள் உணர்வீர்கள்.

நாம் மிகுதியும் தவறுவது தியாகத்தைப் பற்றி எழுதும் இடத்தில்தான். அம்மா தன் படிப்பை மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்தார் என்று எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் சொல்லி வந்தோம். அது உண்மையன்று என்றும், ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தியது வீட்டுப் பெரியவர்களின் முடிவு என்றும், அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்றும், தன் பள்ளிக் கணக்குப் பாட நோட்டைத் திருமணத்துக்குப் பிறகும் பெட்டியின் அடியில் வைத்திருந்தார் என்றும் சித்தி சொன்னார். ஆகவே, அவர் எதையாவது இழந்திருந்தால், எதை இழந்தார், யார் முடிவு செய்தார், அவர் என்ன சொன்னார் என்ற மூன்றையும் எழுதுங்கள். அவர் சொல்லாத மகிழ்ச்சியை அவர்மேல் ஏற்றாதீர்கள். அவருடைய கோபங்களையும், பிடிவாதங்களையும், அவர் செய்யத் தவறியதையும் சேர்த்து எழுதினால் அவர்மேல் உள்ள அன்பு குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நோய், கடன், குடும்பச் சண்டை போன்றவற்றில் மட்டும், அதில் தொடர்புடையவர் உயிரோடிருந்தால் அவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவர் மறுத்தால் அந்தப் பகுதியை வெளியிடாமல் குடும்பப் பிரதியில் மட்டும் வைக்கலாம்.

புகைப்படங்களில் அம்மா பெரும்பாலும் ஓரத்தில் இருப்பார், அல்லது பாதி மறைந்திருப்பார். அப்படிப்பட்ட படங்களையும் ஒதுக்காமல் எடுங்கள். பின்னணியில் தெரியும் அடுப்பும் கொடியில் தொங்கும் துணியும் உங்கள் மூன்று நாள்களை எழுத உதவும். சிறிய படங்களை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுத மென்மையான பென்சில் போதும்; பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடலாம். பசை ஒட்டும் பழைய ஆல்பங்களும் பிவிசி உறைகளும் படங்களைக் கெடுக்கும் என்பதால், அமிலமற்ற காகித உறைகளுக்கு மாற்றிவிடுங்கள். அவருடைய குரல் ஒலிநாடாவில் இருந்தால், அதை இயக்கும் கருவி கிடைக்கும்போதே கணினிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்திகளையும் கைப்பேசியை மாற்றும் முன் தனியே சேமியுங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பகங்களில், அவற்றில் ஒன்றாவது வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

நினைவுக் கூட்டத்தில் பேசுவதற்கென்றால் ஐந்து நிமிடம் போதும்: ஒரு நாள், ஒரு முடிவு, அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியம். நூலாக்குவதென்றால், உறுதியாகத் தெரிந்த தேதியைத் தேதியாகவும், தெரியாததை “ஏறத்தாழ” என்றும் எழுதி, எதை யார் சொன்னார் என்று பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். அண்ணன் ஒன்று சொல்லி அக்கா வேறொன்று சொன்னால், இரண்டையும் அடுத்தடுத்து அப்படியே வைத்துவிடலாம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், அம்மாவை நன்கு அறிந்த ஒருவருக்கு முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். “இல்லை, அவர் அப்படிச் செய்திருக்கமாட்டார்” என்று அவர் குறுக்கிடும் இடங்களில்தான் திருத்த வேண்டியது இருக்கும். கடைசியில் பத்து வெற்றுப் பக்கங்களைச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். நான் முதல் பிரதியைச் சித்தியிடம் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தைப் படிக்கும்போதே அவர் பேனா கேட்டார்.