புக்கிட் தீமா ஏறப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

சிங்கப்பூர்லயே உயரமான மலைன்னு பேரு, ஆனா உயரம் 163 மீட்டர்தான். இந்த நம்பரைப் பாத்துட்டு காலுல சாதா செருப்பு, கையில சின்ன தண்ணி பாட்டில்னு வந்துடறாங்க, அங்கதான் முதல் தப்பு. தார் ரோடு எடுத்த எடுப்புலயே செம ஏத்தம், காட்டுக்குள்ள காத்தும் அசையாது, வேர்த்து ஊத்திடும். அதைவிட இறங்கும்போதுதான் கவனமா இருக்கணும், மழை பெஞ்சிருந்தா ஈர இலையும் வேரும் சர்ர்னு வழுக்கும். நல்ல பிடிமானம் உள்ள ஷூ போடுங்க.

அடுத்து நேரம். மத்தியானத்துக்கு மேல இடி மழை எப்ப வேணா வரலாம், அதுவும் ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்ல கேக்கவே வேணாம். காலையில 7 மணிக்கே திறந்துடறாங்க, அப்பவே ஏறிடுங்க. இடி சத்தம் கேட்டுச்சுன்னா உச்சியில இருக்கற கல்லுக்கிட்ட போட்டோ எடுக்க நிக்காதீங்க ப்ளீஸ்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கறது குரங்கு விஷயம்தான். பாவமா இருக்குன்னு ஒருத்தர் ஒரு வாழைப்பழம் குடுத்துட்டுப் போயிடுவாரு, அது மனுஷன்கிட்ட சாப்பாடு இருக்கும்னு கத்துக்கும், அப்புறம் பிளாஸ்டிக் பை சரசரத்தாலே பாஞ்சு வரும். என் அக்கா பொண்ணு கையில இருந்த பன் பையை அப்படித்தான் பிடுங்குச்சு, பிள்ளை பயந்து அழுதுட்டா. குரங்கு மேல என்ன தப்பு, பழக்கினது நாமதானே? இதுங்க காட்டுப்பழம் தின்னு விதையைப் பரப்பற உயிருங்க, நம்ம ரொட்டி தேவையே இல்ல. சாப்பாடு குடுக்கக்கூடாதுன்னு சட்டமும் இருக்கு, முதல் தடவை மாட்டினாலே 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரைக்கும் அபராதம். சாப்பாட்டை பேக்பேக் உள்ள வச்சு ஜிப்பை மூடிடுங்க. கிட்ட வந்தா கண்ணைப் பாக்காதீங்க, பல்லைக் காட்டி சிரிக்காதீங்க, அதுக்கு அது மிரட்டல் மாதிரி, ஓடாம மெதுவா பின்னால நகருங்க.

நாயைக் கூட்டிட்டு வரக்கூடாது. சைக்கிளுக்குத் தனி பாதை இருக்கு.

இன்னொண்ணு, குறுக்கு வழி. பாதையை விட்டு இறங்கி நடந்து நடந்து மண் அரிச்சுப் போயி, வேரெல்லாம் வெளிய தெரிஞ்சு, 2014ல இருந்து 2016 வரைக்கும் மலையில சரிவுகளையும் பாதைகளையும் சரிபண்ண வேண்டியதாப் போச்சு. அப்ப பாதையைக் குறுக்கி, கைப்பிடி வச்சு, சில இடத்துல பலகைப் பாதை போட்டதே ஓரத்துல கன்னுங்க முளைக்கணும்னுதான். எதிர்ல ஆள் வந்தா ஓரத்துல கால வைக்காம, ஒரு நிமிஷம் நின்னு வழி விட்டுட்டுப் போங்க.